பத்தாவது பெயர்

செங்கோட்டைப் பக்கம் ஒரு மர அறுவை மில்லில் இருபத்தாறு வருடம் கணக்கு எழுதினேன். அத்தனை வருடத்திலும் வருகைப் பதிவேட்டில் ஒன்பது பெயருக்கு மேல் ஏறியதில்லை. ஷெட்டுக்குள் பன்னிரண்டு பேர் நின்ற நாளிலும் ஒன்பதுதான். மிச்சப் பேருடைய சம்பளத்தை ‘லோடு இறக்கு கூலி’ என்று எழுதிவிடுவேன். முதலாளி சொன்னார் என்பது உண்மை. எழுதியது என் கை என்பதும் உண்மை.

ஏன் ஒன்பது? அப்போது நடைமுறையில் இருந்த 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டப்படி, மின்சாரத்தில் ஓடும் இடத்தில் பத்துப் பேர் வேலை பார்த்தால்தான் அது தொழிற்சாலை. பத்தாவது பெயர் ஏறினால் ஆய்வாளர் வருவார், இ.எஸ்.ஐ. கட்ட வேண்டும், ஆபத்தான எந்திரப் பாகங்களுக்கு 21-ஆம் பிரிவு சொன்ன தடுப்பைப் போட வேண்டும். ஒரு பெயரை விட்டுவிட்டால் எல்லாமே மிச்சம்.

குற்றாலத்துச் சாரல் ஊருக்கெல்லாம் கொண்டாட்டம். நான்கு பக்கமும் திறந்து கிடக்கும் மில் ஷெட்டுக்கு அது வேறு மாதிரி. தரையில் கிடக்கும் மரத்தூள் ஈரத்தில் ஊறி வழுக்கும். நனைந்த கட்டை கனக்கும். அப்படி ஒரு ஆடி மாதக் காலையில், வட்ட ரம்பத்தில் வாகைப் பலகை அறுத்துக்கொண்டிருந்தவருக்கு வலது கை ஆள்காட்டி விரல் அடியோடு போனது. துண்டைச் சுற்றிக்கொண்டு ஆட்டோவில் ஏறும்போது என்னைப் பார்த்து, “பத்து நாள்ல வந்துருவேன் அண்ணாச்சி, பேரை எடுத்துராதிய” என்றார். எடுப்பதற்குப் பெயர் இருந்தால்தானே. அவர் பதிவேட்டில் இல்லாத ஆள்.

ஆட்டோ வாடகை, மருந்து, கையில் கொடுத்த கொஞ்சம் பணம் எல்லாவற்றையும் ‘இதரச் செலவு’ என்று எழுதினேன். விரலுக்கு எங்கள் ஏட்டில் தலைப்பு கிடையாது. சட்டத்தில் உண்டு. 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்து அட்டவணை, ஆள்காட்டி விரல் முழுதாகப் போனால் சம்பாதிக்கும் திறனில் 14 சதவீதம் போனதாகக் கணக்கிட்டது. கட்டை விரலுக்கு 30. ஆனால் அதைக் கேட்டு வாங்க, அவர் எங்கள் மில்லில் வேலை பார்த்தார் என்று முதலில் நிரூபிக்க வேண்டும். நிரூபிக்கக்கூடிய ஏடு என் மேஜையில் இருந்தது. அதில்தான் அவர் இல்லை.

விரலைக் காப்பாற்றப் பெரிய விஞ்ஞானம் வேண்டாம். ரம்பத்துக்கு மேலே ஒரு மூடி. பின்னால் ஓர் இரும்புத் தகடு: அறுபட்ட மரம் மறுபடி கூடி ரம்பத்தைக் கவ்வாமல் அது விலக்கி நிறுத்தும். தகடு இல்லாவிட்டால் கவ்விய கட்டையை ரம்பம் ஆள் மேலேயே திருப்பி அடிக்கும். ‘கட்டை எத்திருச்சு’ என்போம். அப்புறம், பலகையின் கடைசி அரை அடியைக் கையால் தள்ளாமலிருக்க ஒரு தள்ளு குச்சி. மூன்றையும் எங்கள் ஊர்ப் பட்டறையிலேயே செய்துவிடலாம்.

எங்கள் மில்லிலும் மூடி இருந்தது, சுவரில் மாட்டியபடி. “அதைப் போட்டா வேலை ஓடாது அண்ணாச்சி” என்பார்கள். கன அடிக்கு இவ்வளவு என்று கூலி பேசினால், நிதானத்துக்கு ஆகும் நேரம் தொழிலாளியின் பையிலிருந்து போகிறது. மூடியைக் கழற்றியது அவர் கைதான். கழற்ற வைத்தது நாங்கள் பேசிய கூலி. இதைத் தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதுவது, நான் எழுதிய ‘லோடு இறக்கு கூலி’ மாதிரிதான்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு, மின்சாரத்தில் ஓடும் தொழிற்சாலைக்கான வரம்பைப் பத்திலிருந்து இருபதாக ஏற்றியிருக்கிறது. சில பொதுவான கடமைகள் பத்துப் பேர் உள்ள இடத்துக்கும் உண்டு. ஒன்பது பேர் மில் அதற்கும் வெளியேதான். எங்கள் வட்டாரத்து மில்களில் இருபது பேர் நிற்பதை நான் கண்டது அபூர்வம்.

மரத்துக்கு இந்த நிலைமை இல்லை. 1996 டிசம்பர் 12 அன்று கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் காடுகளைக் காக்க உத்தரவிட்ட பிறகு, மர மில்களின் மீது பிடி இறுகியது. வனத்துறை உரிமம் இல்லாமல் ரம்பம் ஓடக் கூடாது. இரண்டு பேர் மில்லா, இருபது பேர் மில்லா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. எந்த ஊரில் எந்த ரம்பம் ஓடுகிறது என்று அரசுக்குத் தெரியும். அந்த ரம்பத்தின் முன்னால் நிற்கிறவரைத்தான் தெரியாது.

வழி இருக்கிறது. உயிருக்கு ஆபத்தான வேலை நடக்கும் இடம் என்று மத்திய அரசு அறிவித்தால், ஆள் எண்ணிக்கை வரம்பு பொருந்தாது என்று புதிய தொகுப்பே சொல்கிறது. மர மில்களை அப்படி அறிவிக்க வேண்டும். மாநில அரசின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம், வனத்துறையின் உரிமப் பட்டியலை வாங்கி மில் மில்லாகப் போய், மூடி ரம்பத்தின் மேல் இருக்கிறதா, சுவரில் தொங்குகிறதா என்று பார்க்க வேண்டும். தலையை எண்ண வேண்டாம், ரம்பத்தை எண்ணட்டும்.

இன்றைக்கும் மில்களில் கணக்கு எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பத்தாவது ஆளின் பெயரை எழுதுங்கள். நான் எழுதவில்லை.