விக்கிரவாண்டியைத் தாண்டினதும் ரோடு ஏன் மறையுது? மூடுபனிக்குப் பின்னால் இருக்கும் ‘டர்புலன்ஸ்’ கணக்கு

போகிக்கு முந்தைய ராத்திரி சென்னையிலிருந்து ஊருக்குக் கிளம்புகிறீர்கள். செங்கல்பட்டு டிராஃபிக், மதுராந்தகத்தில் ஒரு டீ, அப்புறம் திண்டிவனம். விக்கிரவாண்டி டோல்கேட்டுக்கு வரும்போது மணி அதிகாலை ஐந்து. ஃபாஸ்டேக் பீப் அடிக்கிறது, கேட் திறக்கிறது. கொஞ்ச தூரம் போனதும் எதிரே ரோடே இல்லை. வெள்ளையாக ஒரு சுவர்தான் நிற்கிறது.

மார்கழி, தை மாதங்களில் விழுப்புரம் மாவட்டத்து நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டியவர்களுக்கு இது பழகிய காட்சி. “இன்னைக்குப் பனி ஜாஸ்தி” என்று சொல்லிவிட்டு லைட்டைப் போட்டுக்கொண்டு போய்விடுகிறோம். ஆனால் நேற்று இல்லாத பனி இன்று ஏன் வந்தது? இங்கே இருப்பது நாலு கிலோமீட்டர் தள்ளி ஏன் இல்லை? வானிலை ஆப் ஏன் இதை முன்கூட்டியே சரியாகச் சொல்ல முடியாமல் திணறுகிறது? மூன்று கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது: தரையை ஒட்டிய காற்றின் கொந்தளிப்பில். அதாவது, டர்புலன்ஸில்.

டர்புலன்ஸ்னா விமானம் குலுங்குறது மட்டும்தானா?

இல்லை. காற்று ஒரே சீராக ஓடாமல் சின்னதும் பெரிதுமாகச் சுழன்று கலப்பதுதான் டர்புலன்ஸ். பகலில் வெயில் தரையைச் சூடாக்கும். சூடான காற்று மேலே கிளம்பும், குளிர்ந்த காற்று கீழே இறங்கும். இப்படி ஒரு கிலோமீட்டர் உயரத்துக்கும் மேல்கூடக் காற்று நன்றாகக் கலந்துகொண்டே இருக்கும்.

இரவில் கதை தலைகீழ். வானம் தெளிவாக இருந்தால் தரை சீக்கிரம் குளிரும். கீழே குளிர்ந்த, கனமான காற்று. மேலே கொஞ்சம் சூடான காற்று. கனமானது ஏற்கனவே கீழே இருப்பதால் கலப்பதற்கு வேலையில்லை. டர்புலன்ஸ் கிட்டத்தட்ட அடங்கிவிடும். தரையோரக் காற்றுக்கு மூடி போட்ட மாதிரி.

விக்கிரவாண்டிப் பக்கம் ஜனவரியில் இதற்கு எல்லா வசதியும் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை நனைத்துவிட்டுப் போன மண், நீர் நிற்கும் ஏரிகள், நெல், கரும்பு வயல்கள், பக்கத்தில் வீடூர் அணை. ஈரத்துக்குப் பஞ்சமில்லை.

அப்போ காத்து அடங்கினா பனி வந்துடுமா?

இங்கேதான் சிக்கல். காற்று சுத்தமாக நின்றுவிட்டால் ஈரம் புல்லிலும் கார் கண்ணாடியிலும் பனித்துளியாகப் படிந்துவிடும். மூடுபனி பெரிதாக வராது. காற்று பலமாக அடித்தால் மேலே உள்ள உலர்ந்த காற்று கலந்து பனி கலைந்துவிடும். இரண்டுக்கும் நடுவில், மெல்லிய கலக்கம் இருந்தால்தான் தரைக்கு அருகிலுள்ள குளிர் சில மீட்டர் மேலேறி, காற்றிலுள்ள ஈரத்தில் ஒரு பகுதி துளியாகி, மூடுபனி எழும். டர்புலன்ஸில் சின்ன வித்தியாசம் வந்தாலே முடிவு மாறிவிடும்.

போகி நாளில் புகையும் சேர்ந்துகொள்கிறது. மூடி போட்ட காற்றில் அது மேலே போக வழியில்லாமல் தங்கிவிடும், துகள்கள் மீது ஈரமும் படியும். 2018 போகி காலையில் சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் தாமதமானதும் சில வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டதும் நினைவிருக்கலாம்.

இதை எப்படி அளக்கிறார்கள்?

சுற்றும் கிண்ணம் வைத்த பழைய காற்றுமானி சராசரி வேகத்தைத்தான் நன்றாகச் சொல்லும். டர்புலன்ஸைப் பிடிக்க ‘சோனிக் அனிமோமீட்டர்’ வேண்டும். எதிரெதிராக இருக்கும் முனைகளுக்கு இடையே அல்ட்ராசவுண்ட் ஒலி போய்வரும் நேரத்தை நொடிக்கு 10, 20 தடவை அளந்து, காற்று பக்கவாட்டிலும் மேலும் கீழும் எப்படித் துடிக்கிறது என்று அது காட்டும்.

கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் கோபுரங்களில் இப்படிப்பட்ட கருவிகளை வைத்து ஆய்வு செய்கிறது. அணு உலை இருக்கும் இடத்தில், ஏதாவது கசிந்தால் அது எந்தப் பக்கம், எவ்வளவு அடர்த்தியாகப் போகும் என்று தெரிந்தே ஆக வேண்டும். 1984 டிசம்பர் 2–3 இரவில் போபாலில் விஷவாயு கலையாமல் தரையோடு தவழ்ந்து போனதற்கு, அடங்கிக் கிடந்த குளிர்ந்த காற்றும் ஒரு காரணம்.

1990-இல் பேராசிரியர் ரொத்தம் நரசிம்மா போன்றவர்களின் முயற்சியில் ஜோத்பூர் முதல் கரக்பூர் வரை கோபுரங்கள் வைத்து ‘மான்ட்பிளெக்ஸ்’ ஆய்வு நடந்தது. 2015-இல் டெல்லி விமான நிலையத்தில் மூடுபனிக்காகவே ‘வைஃபெக்ஸ்’ ஆய்வு தொடங்கியது.

கம்ப்யூட்டர் மாடல் இருக்கே, அது போதாதா?

2025 மே மாதம் அறிமுகமான ‘பாரத் ஃபோர்காஸ்ட் சிஸ்டம்’ 6 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துக் கணிக்கிறது. பெரிய முன்னேற்றம்தான். ஆனால் திண்டிவனத்துக்கும் விக்கிரவாண்டிக்கும் நடுவே சுமார் 25 கிலோமீட்டர். அதாவது நாலு கட்டம். பனியைத் தீர்மானிக்கும் சுழல்களோ சில மீட்டர் அளவு. கட்டத்துக்குள் அடங்கிவிடும் அந்தச் சுழல்களை மாடல் நேரடியாகப் பார்க்காது. சூத்திரம் வைத்துத் தோராயமாகப் போடும். அமைதியான இரவில்தான் அந்தச் சூத்திரங்கள் அதிகம் தடுமாறுகின்றன. அவற்றைச் சரிசெய்ய அந்தந்த மண்ணில் எடுத்த அளவீடு தேவை.

நமக்கு என்ன வேண்டும்?

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கும். பார்வைத் தூரம் 50 மீட்டர்தான் என்றால் உங்கள் கையில் இருப்பது இரண்டு நொடிக்குக் கொஞ்சம் மேல். பிரேக்கை மிதித்து வண்டி நிற்க அது போதாது.

விமான ஓடுபாதைக்குப் பார்வைத் தூரம் அளக்கும் கருவி உண்டு. பெங்களூரு தேசிய விண்வெளி ஆய்வகம் ‘த்ரிஷ்டி’ என்ற பெயரில் அதை இங்கேயே உருவாக்கியிருக்கிறது. அந்த அக்கறை நெடுஞ்சாலைக்கும் வர வேண்டும். தஞ்சாவூர் சாலை பிரியும் விக்கிரவாண்டி போன்ற இடங்களில் ஒரு பார்வைத் தூரமானி, ஒரு சின்னக் கம்பம், அதில் இரண்டு உயரங்களில் வெப்பமானி, ஒரு சோனிக் அனிமோமீட்டர் வைக்கலாம். வானிலை ஆய்வு மையமும் நெடுஞ்சாலை ஆணையமும் சேர்ந்தால் அந்தத் தரவு மாடலுக்கும் போகும், டோல்கேட் பலகையிலும் “அடுத்த 10 கி.மீ. பனி, வேகம் 40” என்று எரியும். நாளைய பனியைத் துல்லியமாகச் சொல்வது கஷ்டம். இப்போது முன்னால் இருக்கும் பனியைச் சொல்வது கஷ்டமே இல்லை.

அதுவரைக்கும் ஹை பீம் வேண்டாம். அந்த வெளிச்சம் துளிகளில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். லோ பீமில் மெதுவாகப் போங்கள். ரோட்டில் வண்டியை நிறுத்தாதீர்கள். அவசரமில்லை என்றால் சாலையை விட்டு விலகியிருக்கும் ஓர் ஓட்டலில் ஒதுங்குங்கள். வெயில் ஏறினால் காற்று மறுபடி கலக்கத் தொடங்கும், ரோடு தானாகத் தெரியும். பொங்கல் பானை ஒரு மணி நேரம் காத்திருக்கும்.