கிட்டாருக்கும் உண்டு ஒரு குதிரை!

போன மே மாதம் ஒரு மதியம். கிட்டாரை காரின் பின்சீட்டில் வைத்துவிட்டு, 'அஞ்சு நிமிஷத்துல வந்துடலாம்' என்று ஒரு வேலையாகப் போனேன். அந்த அஞ்சு நிமிஷம் இரண்டு மணி நேரமாகிவிட்டது. வீட்டுக்கு வந்து உறையைத் திறந்தால், கம்பிகளெல்லாம் தொளதொளவென்று கிடக்கின்றன. அவற்றைப் பிடித்திருந்த கட்டை, பலகையிலிருந்து பெயர்ந்து தனியாக வந்திருந்தது.

ரிப்பேர் செய்யும் அண்ணன் பார்த்ததுமே சொல்லிவிட்டார். "வெயில்ல பசை இளகிடுச்சும்மா. குதிரை கழண்டுடுச்சு."

வீணையிலும் வயலினிலும் கம்பிகளைத் தாங்கும் கட்டைக்கு நம் ஊரில் பெயர் குதிரை. கிட்டார்காரர்கள் பிரிட்ஜ் என்பார்கள். வீணையில் கம்பிகள் குதிரைமேல் ஏறி இறங்கி, பின்னால் நாகபாசத்தில் முடிகின்றன. குதிரைக்கு மேலிருந்து வரும் அழுத்தம் மட்டும்தான். ஆனால், வழக்கமான கிட்டாரில் கம்பிகள் குதிரையிலேயே முடிகின்றன. ஆறு ஸ்டீல் கம்பிகளும் சேர்ந்து இழுக்கும் விசை சுமார் 70 கிலோ. ஒரு ஆளின் எடை! அதைத் தாங்குவது, சுமார் 3 மில்லிமீட்டர் கனமே உள்ள மேல்பலகை.

"பலகையைக் கனமா போட்டுட்டா என்னண்ணே?"

"போடலாம்மா. குதிரை பெயராது, சத்தமும் வராது!"

மொத்தச் சிக்கலும் அந்தப் பதிலில் இருக்கிறது. குதிரை கம்பிகளை அசையாமல் பிடிக்க வேண்டும். அதேநேரம் அவற்றின் அதிர்வைப் பலகைக்குக் கொடுத்து, அதை அசைக்கவும் வேண்டும். கிட்டார் செய்பவர்கள் விதவிதமான குதிரைகளைச் செய்து பார்ப்பது அழகுக்காக மட்டுமல்ல, இந்த முரணுக்கு விடை தேடித்தான்.

1932-ல் பாரிஸின் செல்மர் நிறுவனத்துக்காக மரியோ மக்காஃபெரி வடிவமைத்த கிட்டாரில், கம்பிகள் குதிரையைத் தாண்டிப்போய் அடிப்பக்கத்தில் முடிந்தன. கிட்டத்தட்ட நம் வீணை பாணி. நடுவில் நகர்த்தக்கூடிய குதிரை, இருபுறமும் மீசை மாதிரி ஒட்டிய இரண்டு கட்டைகள். ஜாங்கோ ரெய்ன்ஹார்ட்டின் ஜாஸ் இசையோடு பிரபலமானது இந்தக் கிட்டார்தான்.

ஜெஃப் பாபிஸ் வேறு வழி பிடித்தார். குதிரையைத் தாண்டியதும் கம்பிகளை விசிறிபோல விரித்து, பலகையின் ஓரத்தில் தனித்தனியே மாட்டிவிட்டார். ஒரே இடத்தில் விழும் இழுவை பல இடங்களுக்குப் பிரிந்தது.

இவர்களைவிட ஆச்சர்யமானவர் மைக்கேல் காஷா. இவர் இசைக்கலைஞர் அல்ல. அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் விஞ்ஞானியாக இருந்தவர். கிட்டார் செய்யும் ரிச்சர்ட் ஷ்னைடருடன் சேர்ந்து அவர் உருவாக்கிய குதிரை, தடித்த கம்பிகள் பக்கம் அகலமாகவும் மெல்லிய கம்பிகள் பக்கம் குறுகலாகவும் இருக்கும். கீழ் ஸ்வரங்களுக்குப் பலகையின் பெரிய பரப்பு அசைய வேண்டும், மேல் ஸ்வரங்களுக்குச் சின்ன, வேகமான அசைவே போதும் என்பது அவர் கணக்கு.

அந்த யோசனையை வைத்து கிப்ஸன் நிறுவனம் 1975-ல் 'மார்க்' வரிசை கிட்டார்களைக் கொண்டுவந்தது. விற்பனை எடுபடவில்லை. 1979-ல் நிறுத்திவிட்டது. ஆனாலும், கையால் கிட்டார் செய்பவர்கள் சிலர் காஷாவின் வழியை விடவில்லை. ஒவ்வொன்றாகச் செய்பவருக்கு ஆயிரம் பேர் வாங்க வேண்டிய அவசியம் இல்லையே! வாசிக்கிற ஒருவருக்குப் பிடித்தால் போதும்.

அதனால், கோணல்மாணலான குதிரையோடு ஒரு கிட்டாரைப் பார்த்தால் சிரித்துவிட்டு நகராதீர்கள். ஒருமுறை மீட்டிக் கேளுங்கள்.

உங்கள் வீட்டுக் கிட்டாருக்கும் ஒரு சோதனை. குதிரையின் பின்விளிம்பில் ஒரு மெல்லிய காகிதத்தை நுழைத்துப் பாருங்கள். அடியில் உள்ளே போனால், பசை விடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கம்பிகளைத் தளர்த்திவிட்டு உடனே ரிப்பேருக்குக் கொண்டுபோங்கள். விட்டுவைத்தால், குதிரை பெயரும்போது பலகையையும் பிய்த்துக்கொண்டு வரும்.

என் கிட்டார் தப்பித்துவிட்டது. பலகைக்கு அடி இல்லை, திரும்ப ஒட்டியாயிற்று. இப்போதெல்லாம் டீ குடிக்கப் போனாலும் அது என் தோளில்தான்!