பாடநூல் மட்டும் போதாது

‘எம்.பி.பி.எஸ். மாணவருக்குப் பாடநூலே பெரும் சுமை, ஆய்விதழ்களை மேல்படிப்பில் பார்த்துக்கொள்ளலாம்’ என்கிறார்கள் பேராசிரியர்கள் சிலர். இதை ஏற்கவே முடியாது.

மாரடைப்புக்குப் பின் தாறுமாறாகும் இதயத்துடிப்பை மாத்திரையால் அடக்கினால் உயிர் பிழைக்கும் என்று ஒரு காலத்தில் மருத்துவர்கள் நம்பினார்கள். 1991இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ வெளியிட்ட ‘காஸ்ட்’ ஆய்வு அந்த நம்பிக்கையை உடைத்தது. ஏறத்தாழ சம எண்ணிக்கையிலான இரு பிரிவுகளில், மருந்து எடுத்தவர்களில் 63 பேரும் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 26 பேரும் இறந்திருந்தார்கள். துடிப்பு அடங்கியது, ஆள் பிழைக்கவில்லை. பாடநூலில் இது ஒரு வரி. அந்த அட்டவணையில் விரல் வைத்துப் படித்த மாணவர் மறக்கமாட்டார்.

பெரிய இதழ் என்பதற்காக நம்பவும் கூடாது. தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்ட கட்டுரை 1998இல் ‘லான்செட்’டில்தான் வந்தது. வெறும் 12 குழந்தைகள், ஒப்பிட வேறு குழுவே இல்லை. இதழ் அதைத் திரும்பப் பெற்றது 2010இல்.

எங்கே தொடங்குவது என்று கேட்கும் ஆசிரியர்கள், 1959இல் உலக சுகாதார நிறுவன இதழில் வந்த சென்னைக் காசநோய் ஆய்வை எடுக்கட்டும். சானடோரியத்தில் சேர்க்காமல் வீட்டிலேயே மருந்து கொடுத்தாலும் குணமாகும் என்று உலகுக்குக் காட்டிய ஆய்வு அது. நோயாளிகளை எப்படிப் பிரித்தார்கள், வீட்டாருக்குத் தொற்றியதா என்பதை எப்படிக் கண்காணித்தார்கள் என்று முதலில் மாணவர்களே கேட்கட்டும்.