ஆதரவற்றவள் என்று எழுதிக் கொடு

"புருசன் இருக்காம்லா?" என்று கேட்டார் அலுவலர்.

"இருக்காவ. எனக்குத்தான் இல்ல" என்றாள் பெரியம்மா.

நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். மனுவை எழுதிக் கொடுக்கவும், கேட்ட கேள்விக்குத் துடுக்காக எதுவும் சொல்லிவிடாமல் அவளைப் பார்த்துக்கொள்ளவும் என்னைக் கூட அனுப்பியிருந்தார்கள். இரண்டாவது வேலை என்னால் முடியவில்லை.

பெரியப்பா பம்பாய்க்குப் போனபோது பெரியம்மாவுக்கு முப்பத்தைந்து வயது. அங்கே இன்னொரு குடும்பம். ஆலங்குளம் பக்கத்துப் பெண்களுக்கு இது புதுக் கதை அல்ல. பெரியம்மா பீடி சுற்றினாள், மகனை வளர்த்தாள். கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கு அரசு பணம் கொடுக்கிறது என்று யாரோ சொல்லித்தான் அந்த அலுவலகத்துக்குப் போனோம். விதி இதுதான்: கைவிட்டு ஐந்து ஆண்டு ஆகியிருக்க வேண்டும், இல்லையென்றால் சட்டப்படி பிரிந்ததற்கான ஆவணம் வேண்டும். ஐந்து என்ன, பத்தே ஆகியிருந்தது. ஆனால் பெரியப்பா இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கோயில் கொடைக்கு ஊருக்கு வருவார். தங்கை வீட்டில் தங்குவார். கிடா வெட்டுக்கு வரி கொடுப்பார். விசாரிக்க வந்தவரிடம் ஊர்ப் பெரியவர் ஒருவர், "போன கொடைக்குக்கூட வந்துட்டுப் போனானே" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். சாமிக்கு வரி கொடுக்க வந்தவன் பொண்டாட்டிக்கும் வந்தவன் ஆகிவிட்டான். மனு தள்ளுபடி.

இதை ஓர் அலுவலரின் மனக்கோணல் என்று நான் நினைத்திருந்த காலம் உண்டு. இப்போது அப்படி நினைப்பதில்லை. கோணல் திட்டத்தின் பெயரிலேயே இருக்கிறது. ஆதரவற்ற விதவை, ஆதரவற்ற முதியோர், கணவனால் கைவிடப்பட்ட ஆதரவற்ற பெண். கூடவே 50 வயது கடந்தும் திருமணம் ஆகாத ஏழைப் பெண்ணுக்குத் தனியாக ஓர் ஓய்வூதியம், 2008இலிருந்து. இந்தப் பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்துப் பாருங்கள். ஒரு பெண்ணுக்கும் ஓர் ஆணுக்கும் இடையே என்ன நடந்தது என்பதைத்தான் அரசு ஒவ்வொரு வரியிலும் கேட்கிறது. செத்தானா, விட்டுப் போனானா, வரவே இல்லையா? நாற்பது வருடம் அவள் என்ன வேலை பார்த்தாள் என்று ஒரு வரியும் கேட்கவில்லை. ஆண் முதியவரிடம் மனைவி உன்னோடு இருக்கிறாளா என்று கேட்டு யாரும் தகுதி பார்ப்பதில்லை.

அறுபது ஆன பிறகு முதியோர் உதவித்தொகைக்கு எழுதிப்போட்டோம். இப்போது கேள்வி மகனைப் பற்றி. அண்ணன் கோயம்புத்தூரில் லாரி ஓட்டுகிறான், முடிந்ததை அனுப்புகிறான், முடியாத மாதம் அனுப்புவதில்லை. "மகன் கஞ்சி ஊத்துதானா இல்லையா?" என்று தெருவில் நின்று கேட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, "ஊத்தல" என்றாள் பெரியம்மா. பெற்ற பிள்ளை மேல் பழி சொன்னால்தான் மாதம் ஆயிரம் ரூபாய். அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை. பணம் வந்த முதல் மாதம் அண்ணனுக்குச் சட்டைத்துணி எடுத்தாள்.

இதைத்தான் இலவசம் என்கிறார்கள். 2022 ஜூலையில் பிரதமர் இத்தகைய திட்டங்களைக் குறித்து மிட்டாய்க் கலாச்சாரம் என்று பேசியபோது எங்கள் அலுவலகத்தில் படித்த பெண்களே தலையாட்டினார்கள். அந்த மிட்டாயின் எடையைப் பார்த்துவிடலாம். 1995இல் ஒன்றிய அரசின் முதியோர் ஓய்வூதியம் 75 ரூபாயில் தொடங்கியது. 2007இல் இந்திரா காந்தி பெயரைச் சூட்டி விரித்தபோது 200. அறுபதிலிருந்து எழுபத்தொன்பது வயது வரை உள்ளவர்களுக்கு அது 200 ரூபாயிலேயே நின்றுவிட்டது. எண்பது தாண்டினால் 500. விதவைக்கு 300, அதற்கும் 40 வயது ஆகியிருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிக்கு 300, ஊனம் 80 சதவீதம் இருந்தாக வேண்டும். எழுபத்தைந்து சதவீதம் நடக்க முடியாத பெண் மிச்ச ஐந்துக்கு எங்கே போவாள்?

தமிழ்நாடு இதைவிட மேல், அதைச் சொல்லத்தான் வேண்டும். 1962இல் 20 ரூபாயில் முதியோர் உதவித்தொகையைத் தொடங்கிய மாநிலம் இது. 2011இல் ஆயிரம் ஆனது, 2023 ஆகஸ்டில் 1200. மாற்றுத்திறனாளிகளுக்கு 1500. ஆனால் ஆயிரத்திலிருந்து 1200க்கு வர பன்னிரண்டு ஆண்டுகள். இடையில் அரிசியும் பருப்பும் எண்ணெயும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. அரசு ஊழியரின் ஓய்வூதியத்துக்கு விலைவாசியைப் பார்த்து அகவிலைப்படி ஏறுகிறது. பெரியம்மாவின் பணம் ஏற ஓர் அறிவிப்பு வேண்டும், அறிவிப்புக்கு ஒரு தேர்தல் வேண்டும்.

இன்னொன்றும் கவனித்தேன். 2023 செப்டம்பர் 15 முதல் குடும்பத் தலைவிகளுக்குத் தரும் ஆயிரம் ரூபாய்க்கு 'உரிமைத்தொகை' என்று பெயர். நல்ல பெயர். பெண் வீட்டில் செய்யும் வேலைக்கு மதிப்பு உண்டு என்று ஓர் அரசு ஒப்புக்கொண்ட பெயர். அதே வேலையை ஐம்பது வருடம் செய்து முடித்த கிழவி வாங்குவது மட்டும் இன்னும் 'உதவித்தொகை'. நடுவயதில் உரிமையாக இருந்தது நரை வந்ததும் உதவி ஆகிவிடுகிறது.

பெரியம்மா படுக்கையில் விழுந்து மூன்று வருடம் ஆகப்போகிறது. வலப்பக்கம் வராது. அந்த அறைக்குள் இப்போது மூன்று பெண்கள். ஒருத்தி பெரியம்மா, மாதம் 1200. அது வயது வந்தோர் அணியும் டயப்பருக்கே காணாது, ராத்திரிக்கு மட்டும் அதைப் போட்டுவிட்டுப் பகலில் பழைய சேலைத்துணி.

இரண்டாவது, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை கொண்டுவரும் பெண். 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம் அது, சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்து வீடு தேடி வருகிறது, படுக்கையில் கிடப்பவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் உண்டு. எங்கள் வீட்டுக்கு அது பெரிய உபகாரம், மறுக்க மாட்டேன். ஆனால் வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கும் அந்தப் பெண்ணின் பெயர் 'தன்னார்வலர்'. சுய உதவிக் குழுவிலிருந்து எடுத்தார்கள், தொடக்கத்தில் மாதம் 4500 ரூபாய் ஊக்கத்தொகை என்று நிர்ணயித்தார்கள். சம்பளம் என்று சொன்னால் குறைந்தபட்சக் கூலி கேட்பாள், வருங்கால வைப்பு நிதி கேட்பாள். தன்னார்வம் என்றால் எதுவும் கேட்க முடியாது. ஊழியர் என்று சொல்லுங்கள் என்று இந்தப் பெண்கள் போராடியும் பார்த்துவிட்டார்கள்.

மூன்றாவது மதினி. அவளும் பீடி சுற்றியவள்தான். பெரியம்மா விழுந்ததும் தட்டை மூலையில் சாத்தினாள். புரட்டிப் போடுவது, துடைப்பது, கஞ்சியைக் கரண்டியால் ஊட்டுவது, முதுகில் புண் வராமல் பார்ப்பது, ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்திருப்பது. இவளுக்கு வருவது ஒன்றுமில்லை. இருந்த பீடிக்காசும் போயிற்று.

2019இல் எடுத்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், கூலியில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்கு நாளுக்குச் செலவிடுவது 299 நிமிடம், ஆண் 97. இதில் ஆளைப் பராமரிக்கும் நேரம் சேரவில்லை, அது தனிக் கணக்கு. பெற்றோரையும் மூத்த குடிமக்களையும் பராமரிக்க 2007இல் ஒரு சட்டம் வந்தது. பிள்ளைகள் மாதம் 10,000 ரூபாய் வரை தர வேண்டும் என்று தீர்ப்பாயம் உத்தரவிடலாம். அதில் மகன் உண்டு, மகள் உண்டு, பேரன் பேத்தி உண்டு. மருமகள் இல்லை. 2019இல் ஒரு திருத்த மசோதா மருமகளையும் மருமகனையும் கடமைப் பட்டியலில் சேர்க்கப் பார்த்தது. கடமையில் சேர்க்கத் தோன்றியவர்களுக்குக் கூலியில் சேர்க்கத் தோன்றவில்லை.

பராமரிப்புக்கு அரசு பணம் கொடுக்க வேண்டும் என்று நான் சொன்னால் பெண்ணியம் பேசும் தோழிகளே முகம் சுளிக்கிறார்கள். கொடுத்தால் பெண் வீட்டுக்குள்ளேயே கட்டுண்டு போவாள், மாமியாரைப் பார்ப்பது அவள் தொழிலாகவே நிலைத்துவிடும் என்பது அவர்கள் வாதம். 1970களில் வீட்டு வேலைக்குக் கூலி கேட்ட இத்தாலிய, அமெரிக்கப் பெண்களிடமும் இதையே சொன்னார்கள். அந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் பணத்தோடு நிறுத்தக் கூடாது. ஊராட்சிக்கு ஒரு பகல் பராமரிப்பு இடம் வேண்டும். பால்வாடி நடத்தத் தெரிந்த அரசுக்கு இதை நடத்துவது தெரியாத வேலை அல்ல. ஆனால் அது வரும்வரை மதினி சும்மா செய்யட்டும் என்பது என்ன பெண்ணியம்? அவள் ஏற்கெனவே கட்டுண்டுதான் கிடக்கிறாள், கையில் காசில்லாமல்.

நாம் கேட்க வேண்டியவை பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. 'ஆதரவற்ற' என்ற சொல்லை மனுவிலிருந்து அடிக்க வேண்டும். புருசன், மகன் என்ற கேள்வி இல்லாமல், வயதையும் வருமானத்தையும் உடல்நிலையையும் மட்டும் பார்த்து அந்தப் பெண்ணின் பெயருக்கே தர வேண்டும். விலைவாசியோடு தொகை தானாக ஏற வேண்டும். மாத்திரை கொண்டுவருபவள் ஊழியர், பராமரிப்பவள் தொழிலாளி. விரல்ரேகையையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். பீடி இலை மடித்து மடித்துத் தேய்ந்த பெரியம்மாவின் விரலை வங்கி ஆளின் கருவி ஏற்காமல், பணம் கணக்கில் இருந்தும் இரண்டு மாதம் எடுக்க முடியாமல் போன கதையும் உண்டு.

மே 1 கிராம சபைக்கு இதையெல்லாம் தீர்மானமாக எழுதி எடுத்துப்போகிறோம், எங்கள் தெருப் பெண்கள் எட்டுப் பேர். ஒன்பதாவதாக மதினியும் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். கூட்டத்துக்கு அவளால் வர முடியாது. பெரியம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை.