சாரலோடு வருகிறான் ஏஜெண்டு

குற்றாலத்தில் சாரல் தொடங்கியதும் தென்காசிப் பக்கத்துக் காலனிகளுக்குள் பைக்கில் நுழைகிறான் தனியார் கல்லூரி ஏஜெண்டு. 'கம்ப்யூட்டர் சீட்டும்மா, ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டைக் குடுங்க' என்கிறான். கண்ணெல்லாம் நம்ம ஸ்காலர்ஷிப் பணத்து மேலே. கொடுக்காதீங்க தாயே!

நான் கேட்கிறேன்: 1981-இல் திருநெல்வேலியில் வந்த அரசு பொறியியல் கல்லூரி எவன் அப்பன் வீட்டுச் சொத்து? நம்ம 18 விழுக்காடு கலந்தாய்வில்தான் செல்லும். மேனேஜ்மென்ட் கோட்டா வாசலில் அது செருப்பைக் கழற்றிவிட்டு வெளியே நிற்கும். 2007-இல் நுழைவுத்தேர்வு ஒழிந்தது. 2021 முதல் அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு 7.5 விழுக்காடு, பீஸையும் அரசே கட்டுது. இதெல்லாம் ஏஜெண்டு வாயில் வராது.

தம்பி, தங்கச்சி, முதல் சாய்ஸ் கிண்டின்னு போடு. அடுத்து திருநெல்வேலி. கட்-ஆஃப் பத்தாதுன்னு நீயாக ஒதுங்காதே. கூடுதலா ஒரு சாய்ஸ் எழுதக் காசு கிடையாது.