காற்றை வெல்வது பணமா, முதுகா?

மலாக்கா நகரை விட்டுத் தஞ்சோங் கிளிங்கைக் கடந்து தங்கா பத்து நோக்கிச் செல்லும் கடற்கரைச் சாலையில், விடியற்காலையில் மிதிவண்டி வீரர்கள் விரைந்து செல்வது இன்று புதுமையான காட்சி அன்று. அவர்களுள் தமிழ் இளைஞர்களும் உள்ளனர். இவர்தம் பாட்டன்மார் காலத்தில் தோட்டப்புறத்து மிதிவண்டி பால் வாளியைச் சுமந்தது. விறகுக் கட்டைச் சுமந்தது. தமிழ்ப்பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருவரை முன்னும் பின்னும் சுமந்தது. பேரனின் மிதிவண்டி சுமப்பது வேறு. அது தவணைக் கடனைச் சுமக்கிறது.

நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் ஆகிய மூன்றையும் இடைவிடாது அடுத்தடுத்து முடிக்கும் டிரையத்லான் போட்டிதான் இந்த ஆர்வத்தின் ஊற்று. மலாக்கா எல்லைக்கு அப்பால் போர்ட்டிக்சன் கடற்கரையில் இப்போட்டி பல்லாண்டுகள் நடந்து வந்திருக்கிறது. ஒலிம்பிக் தூரம் எனப்படும் வகையில் ஒன்றரைக் கிலோமீட்டர் நீச்சலும், 40 கிலோமீட்டர் மிதிவண்டியும், 10 கிலோமீட்டர் ஓட்டமும் அடங்கும். வேலைக்குப் போய்க்கொண்டே பயிற்சி செய்யும் ஒருவர் இதை முடிக்க ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகும். இந்த மூன்று மணியில் சில நிமிடங்களைக் குறைத்துத் தருவதாகச் சொல்லித்தான் காற்றைக் கிழிக்கும் சட்டங்களும், ஆழ்ந்த விளிம்புடைய கரிம இழைச் சக்கரங்களும், வால் நீண்ட தலைக்கவசங்களும் விற்கப்படுகின்றன.

இவற்றால் பயன் உண்டா என்று கேட்டால் இரண்டு கூட்டத்தார் விடை சொல்ல முந்துகின்றனர். விற்போரும் வாங்கியோரும் ஒரு கூட்டம். வண்டி இல்லையேல் வெற்றி இல்லை என்பது அவர்தம் முழக்கம். மற்றொரு கூட்டத்தார், கருவியெல்லாம் வீண், வியர்வை ஒன்றே போதும் என்று மேடையில் முழங்குவோர். இவர்களுள் ஆசிரியப் பெருமக்கள் சிலரும் இருப்பது வருந்தத்தக்கது. முன்னவர் சொல்வதில் பாதி உண்மை; பின்னவர் சொல்வதோ அறியாமைக்கு அறத்தின் ஆடை போர்த்தும் செயல். பாதி உண்மை பணத்தைப் பறிக்கும். அறியாமை அறிவையே பறித்துவிடும்.

காற்று தடுக்கிறது என்பது கட்டுக்கதை அன்று. வேகம் இருமடங்கானால் காற்றை எதிர்க்கத் தேவைப்படும் திறன் எட்டு மடங்காகும். சமதரையில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் செலவிடும் உழைப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு காற்றோடு போராடுவதிலேயே கழிகிறது. இதைத் தோட்டத்துப் பிள்ளைகள் என்றோ அறிந்திருந்தனர். எதிர்காற்று அடிக்கும் நாளில் அண்ணன் வண்டிக்குப் பின்னே ஒட்டிக்கொண்டு மிதித்த தம்பிக்கு எந்த விஞ்ஞானி வந்து பாடம் சொன்னார்? சிறுவயதில் செய்த அந்தத் தந்திரம் பொழுதுபோக்கு வீரர்களின் டிரையத்லானில் பொதுவாக விதிமீறல். ஆகவே ஒவ்வொருவரும் தம் காற்றைத் தாமே பிளந்தாக வேண்டும்.

அப்படியானால் விற்போர் சொல்வது சரிதானே என்று கேட்கலாம். காற்று எதன்மேல் மோதுகிறது என்பதே அவர்கள் சொல்லாமல் விடும் செய்தி. மோதலில் பெரும்பங்கைத் தாங்குவது வண்டி அன்று; வண்டிமேல் அமர்ந்திருக்கும் உடல். நிமிர்ந்த மார்பும், அகன்ற தோளும், படபடக்கும் தொளதொளச் சட்டையுமே காற்றுக்கு எதிராக எழுப்பப்பட்ட சுவர். வண்டியின் பங்கு அதில் சிறு பகுதியே. சுவரை அப்படியே நிறுத்திவிட்டுச் சுவரில் அடித்த ஆணியை இழைத்து மெருகேற்றுவதற்கா ஆயிரக்கணக்கில் செலவு?

மிதிவண்டி வரலாறே இதற்குச் சான்று. 1989ஆம் ஆண்டு பிரான்சுச் சுற்றுப் போட்டியின் இறுதி நாள். வெர்சாயிலிருந்து பாரிசுக்கு 24.5 கிலோமீட்டர் தனித்தனியே ஓட்டும் பந்தயம். லோரான் ஃபின்யோன் 50 விநாடி முன்னணியில் இருந்தார். முன்னும் பின்னும் ஆரக்கால் தெரியாத வட்டுச் சக்கரங்கள் பூட்டியிருந்தார். ஆனால் தலையில் கவசம் இல்லை. கட்டிய குடுமி காற்றில் ஆடிற்று. அமெரிக்கரான கிரெக் லெமாண்டின் வண்டியில் பின்சக்கரம் மட்டுமே வட்டு. ஆனால், முழங்கைகளை ஒடுக்கி முன்னோக்கிக் குனிந்து படுக்கத் துணைசெய்யும் கைப்பிடி அவரிடம் இருந்தது. அன்று மாலை லெமாண்ட் 58 விநாடிகளை மீட்டு, மொத்தத்தில் 8 விநாடி வேறுபாட்டில் கோப்பையை வென்றார். அந்தக் கைப்பிடியை முதலில் விரும்பி ஏற்றவர்கள் டிரையத்லான் வீரர்கள்தாம். உருவாக்கியவர் பனிச்சறுக்குப் பயிற்சியாளரான பூன் லெனன். சறுக்கு வீரர் குனிந்து ஒடுங்குவதைக் கண்ட கண்ணுக்கு மிதிவண்டியிலும் அந்த வடிவம் புலப்பட்டதில் வியப்பில்லை.

அதைவிடக் கூர்மையான சான்று கிறிஸ் போர்ட்மன் தருவது. ஒரு மணி நேரத்தில் ஒருவர் எவ்வளவு தூரம் ஓட்ட முடியும் என்ற சாதனைக்கு 1996இல் மான்செஸ்டரில் அவர் கைகளை நீட்டிப் படுத்தவாறு ஓட்டிய தூரம் 56.375 கிலோமீட்டர். அந்த அமர்வு பின்னர்த் தடைசெய்யப்பட்டது. 2000ஆம் ஆண்டில், எடி மெர்க்ஸ் 1972இல் ஓட்டியது போன்ற பழைய பாணி வண்டியில், வளைந்த கைப்பிடியைப் பற்றிக்கொண்டு அதே போர்ட்மன் அதே மான்செஸ்டரில் ஓட்டினார். கிட்டியது 49.441 கிலோமீட்டர், மெர்க்சின் 49.431ஐ வெறும் பத்து மீட்டர் மிஞ்சினார். வயது நான்கு கூடியிருந்தது என்பதைக் கழித்துப் பார்த்தாலும், ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் வேறுபாட்டின் பெரும்பகுதி காற்றின் கணக்கே. வியர்வை ஒன்றே போதும் என்போர் இந்த ஏழு கிலோமீட்டருக்கு என்ன விடை வைத்திருக்கின்றனர்?

ஆனால் அந்த வடிவத்தைக் கண்டெடுக்கப் பணம் வேண்டுமென்பதில்லை. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த கிரேம் ஓபிரி, துணி துவைக்கும் இயந்திரத்தின் உருள்தாங்கியைக்கூடப் பயன்படுத்தித் தாமே ஒரு வண்டியைக் கட்டினார். கைகளை மார்புக்கடியில் மடித்து ஒடுக்கிக்கொண்டு, 1993 ஜூலை 17ஆம் நாள் நார்வேயின் ஹாமார் நகரில் 51.596 கிலோமீட்டர் ஓட்டினார். இத்தாலியின் பிரான்செஸ்கோ மோசர் 1984இல் வட்டுச் சக்கரங்களும் பெரும் ஆய்வுக் குழுவும் துணைநிற்க ஓட்டிய 51.151 கிலோமீட்டர் அன்று பின்னுக்குப் போயிற்று. தகரம் தட்டி நிமிர்த்தி, பழைய வண்டியைப் புதிதாக்கி ஓட்டிய தோட்டத்துக் கைகளுக்கு ஓபிரியின் கதை அந்நியமாய் இராது.

இனி மலாக்காச் சாலைக்கு வருவோம். வண்டியோடு சேர்த்து 80 கிலோ எடையுள்ள ஒருவர், சமதரையில், காற்றில்லாத வேளையில், நிமிர்ந்தவாக்கில் மணிக்கு 30 கிலோமீட்டர் ஓட்டுகிறார் எனக் கொள்க. 40 கிலோமீட்டருக்கு 80 நிமிடம். அவரிடம் ஏறத்தாழ 150 வாட் திறன் உண்டு. கால் வலிமை கூடாமலே, சில நூறு வெள்ளிக்குக் கிடைக்கும் துணைக் கைப்பிடியைப் பொருத்தி, இருக்கையைச் சரிசெய்து, முதுகைத் தாழ்த்தி, உடலோடு ஒட்டிய ஆடை அணிந்து, காற்றுத்தடையை ஏழில் ஒரு பங்கு குறைத்தால் நேரம் ஏறத்தாழ 76 நிமிடமாகும். மூன்றரை நிமிடத்துக்கு மேல் மிச்சம். இதன் பிறகு, பல ஆயிரம் வெள்ளிச் சக்கரங்களை மாட்டி எஞ்சிய தடையில் இன்னும் ஐம்பதில் ஒரு பங்கைக் குறைத்தால் என்ன கிடைக்கும்? ஏறத்தாழ 27 விநாடி. மூன்று மணி நேரத்தில் நானூறில் ஒரு பங்கு! நீந்தி வந்த ஈரக் காலில் காலணி மாட்டத் தடுமாறும் நேரத்தில் அது கரைந்துபோகும். எளிதாய் உருளும் நல்ல டயர் இரண்டு வாங்கினால்கூட இதனினும் மிகுதியாகக் கிடைக்கலாம். ஆனால் டயரைப் படமெடுத்துக் காட்டிப் பெருமைப்படுவார் யார்?

விற்போரின் கையில் இன்னோர் அம்பு உண்டு. மெதுவாக ஓட்டுபவர் சாலையில் நெடுநேரம் இருப்பதால், விரைந்து ஓட்டுபவரைவிட அவருக்கே மிச்சமாகும் விநாடிகள் மிகுதி என்பர். இது உண்மைதான், மறுப்பதற்கில்லை. ஆயினும் இந்தக் கணக்கு சக்கரத்துக்கு மட்டுமா பொருந்தும்? குனிந்த முதுகுக்கும் பொருந்தும். அங்கே விநாடிகள் எட்டு மடங்கு. முதுகை வளைக்கப் பழகாதவர் சக்கரம் வாங்குவது, கூரையில் ஓட்டை இருக்கச் சன்னலுக்குத் திரை தைப்பது போன்றது. அன்றியும், அந்த அமர்வை 80 நிமிடம் தாங்க இடுப்பும் கழுத்தும் பழக வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிமிர்ந்து முதுகை நீவிக்கொள்பவருக்குக் காற்று தள்ளுபடி தராது. அந்தப் பழக்கத்தை எந்தக் கடையிலும் தவணைக்கு வாங்க இயலாது. மலாக்காவின் வெயிலில் காற்றுப் புகாத தலைக்கவசத்துக்குள் வெந்துபோகும் தலை, பின்வரும் பத்துக் கிலோமீட்டர் ஓட்டத்தில் அதற்குரிய விலையைக் கேட்கும் என்பதும் எண்ணத்தக்கது.

இவ்வளவும் விநாடிக் கணக்கு மட்டுமாயின் விட்டுவிடலாம். 2025 பிப்ரவரியில் இந்நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. பெயர் பெற்ற கரிம இழைச் சக்கர இணையொன்று அதுபோன்ற சம்பளம் இரண்டு மூன்றை எளிதில் விழுங்கும். 1960இல் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில், தோட்டத் தொழிலாளர் மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்திப் பங்கு வாங்கித் தோட்டங்களையே விலைக்கு எடுத்தனர். அவர்களும் தவணைதான் கட்டினர். எதற்குக் கட்டினர், எது எஞ்சியது என்பதில்தான் வேறுபாடு.

கடன் பட்டவரைவிடக் கவலைக்குரியவர் இன்னொருவர். நீந்தத் தெரிந்து, ஓடத் தெரிந்து, மாமன் கொடுத்த பழைய வண்டி ஒன்றும் வைத்திருந்து, "இந்த வண்டியோடு அங்கே போனால் சிரிப்பார்கள்" என்று பெயர் கொடுக்காமலே ஒதுங்கிவிடும் பிள்ளை. ஜாசினிலும் அலோர் காஜாவிலும் மெர்லிமாவிலும் அத்தகைய பிள்ளைகள் இல்லை என்று எந்த ஆசிரியராவது உறுதி கூறுவாரா? விலையுயர்ந்த வண்டியே வேகம் என்ற பொய் அந்தப் பிள்ளையின் 27 விநாடியைப் பறிப்பதன்று. மூன்று மணி நேரத்தையும் பறிக்கிறது. "கருவி வேண்டாம், உழைத்தால் போதும்" என்ற மேடை உபதேசமும் அவனுக்கு உதவாது. நிமிர்ந்தவாறு உயிரைக் கொடுத்து மிதித்து, குனிந்து செல்பவரிடம் தோற்று, தன் உழைப்பிலேயே குறை கண்டு வீடு திரும்புவான்.

அவனுக்கு வேண்டுவது காற்றின் பாடம். அதற்குக் காற்றுச்சுரங்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. வண்டி வராத செம்பனைத் தோட்டச் சாலையில் ஒரு சிறு சரிவு போதும். சரிவின் தலையில் சுண்ணாம்பால் ஒரு கோடு கிழிக்க வேண்டும். அதே மாணவன், அதே வண்டி, அதே டயர்க் காற்று. மிதிக்காமல் உருண்டு இறங்கட்டும். முதலில் மார்பை நிமிர்த்தி மூன்று முறை. பிறகு முழங்கையை மடக்கி முதுகைத் தாழ்த்தி மூன்று முறை. வண்டி நிற்கும் இடத்தில் மற்ற மாணவர்கள் ஒவ்வொரு முறையும் கல் வைத்து, அளவுநாடா பிடித்து, இடையே உள்ள தூரத்தைக் குறிப்பேட்டில் எழுதட்டும். அதன் பின்னர் விருப்பமுள்ளவர் கடைக்குப் போய், விற்பவரிடம் அந்தக் குறிப்பேட்டைக் காட்டி, தம் சக்கரம் அந்தக் கல்லை இன்னும் எத்தனை அடி தள்ளி வைக்கும் என்று கேட்கட்டும்.