கடைக் கணக்கும் அனுபவம்தான்

மேலாண்மைப் படிப்புக்கான விண்ணப்பத்தில் ஒரு கட்டம் உண்டு: பணி அனுபவம், மாதங்களில். செம்பாக்கத்தில் எங்கள் தெருவைச் சேர்ந்த பி.காம். பட்டதாரிப் பெண் ஒருவர் அண்மையில் அந்தக் கட்டத்தை நிரப்பத் தயங்கி என்னிடம் வந்தார். பட்டம் பெற்றபின் தணிக்கையாளர் அலுவலகம் ஒன்றில் எட்டு மாதங்களாகப் பணிபுரிகிறார். பதினொன்றாம் வகுப்பிலிருந்தே தந்தையின் ஹார்டுவேர் கடைக் கணக்கையும் அவர்தான் பார்த்து வருகிறார். "எட்டு மாசம்னு போட்டா ரொம்பக் குறைவாத் தெரியுது சார். கடையில பார்த்ததைச் சேர்த்துக்கலாமா?" என்று கேட்டார். விதிப்படி சேர்க்க இயலாது. அந்த விதி சரிதானா என்பதே என் கேள்வி.

முதலில் ஓர் அச்சத்தைப் போக்கிவிடலாம். இந்திய மேலாண்மை நிறுவனங்கள் (ஐஐஎம்) நடத்தும் 'கேட்' தேர்வை எழுதப் பணி அனுபவம் கட்டாயமில்லை. பட்டப்படிப்பில் 50 சதவீத மதிப்பெண் போதும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு 45 சதவீதம். இறுதியாண்டு மாணவர்களும் எழுதலாம். அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் 'டான்செட்' தேர்வுக்கும் அனுபவ நிபந்தனை இல்லை.

சிக்கல் அதன் பிறகே தொடங்குகிறது. மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும்போது பல ஐஐஎம்கள் பணி அனுபவத்துக்குத் தனி மதிப்பெண் தருகின்றன. பொதுவாக, பட்டம் பெற்ற பின் ஊதியத்துடன் முழுநேரம் பார்த்த வேலையே கணக்கில் வரும். படிக்கும்போது பார்த்த பகுதிநேர வேலையும் குடும்பக் கடையில் சம்பளமின்றி உழைத்ததும் வராது.

இதற்கு நியாயமான காரணம் உண்டு. நியமன ஆணையையும் சம்பளச் சீட்டையும் சரிபார்க்கலாம். வாய்மொழியை எப்படிச் சரிபார்ப்பது? ஆனால், விளைவைப் பார்க்க வேண்டும். கல்லூரி வளாகத் தேர்விலேயே பழைய மாமல்லபுரம் சாலை நிறுவனங்களில் வேலை பெறுபவருக்கு மாதங்கள் தாமாகவே சேர்கின்றன. கடைவாசலில் வளர்ந்த பிள்ளைக்கு அவை சேர்வதில்லை.

மேலாண்மை வகுப்பு அனுபவத்தைக் கேட்பது எதற்காக? கடன், சரக்கிருப்பு, வாடிக்கையாளர் என்பவை பாடநூலுக்கு வெளியே எப்படி இருக்கின்றன என்பதை மாணவர் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காக. வடகிழக்குப் பருவமழையில் கட்டட வேலைகள் தடைபடும்போது, மேஸ்திரிகளுக்குக் கொடுத்த கடன் திரும்பாமல், மொத்த வியாபாரிக்குத் தவணை சொல்லிச் சமாளித்தவர் அந்தப் பெண். சரக்கு சேவை வரிக் கணக்கைத் தாக்கல் செய்வதும் அவரே. நடைமுறை மூலதனம் என்றால் என்னவென்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இதற்கு மாற்று வழிகள் இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் '2+2' என்றொரு முறை இருக்கிறது. இறுதியாண்டிலேயே இடத்தை உறுதிசெய்துகொண்டு, குறைந்தது இரண்டு ஆண்டுகள் பணிபுரிந்த பின் மாணவர் வகுப்பில் சேர்வார். 2011-இல் தொடங்கப்பட்ட திருச்சி ஐஐஎம் இத்தகைய முறையைத் தமிழகத்தில் முயன்று பார்க்கலாம். குடும்பத் தொழில் உழைப்புக்குக் கடையின் வரித் தாக்கல்களையும் வங்கிக் கணக்கையும் துணைச் சான்றாக ஏற்கலாம். சொல்வது மெய்யா என்பதை நேர்முகத்தில் பத்து நிமிடக் கேள்விகளில் கண்டுபிடித்துவிட முடியும்.

அதுவரை அந்தப் பெண்ணைப் போன்றவர்கள் என்ன செய்வது? எட்டு மாதங்களைக் கூட்டிச் சொல்ல வேண்டாம். பொய் அகப்பட்டால் இடமே பறிபோகும். எழுத்திலும் நேர்முகத்திலும் கடையைப் பற்றி விவரமாகச் சொல்லலாம். நல்ல நிறுவனத்தில் இடம் கிடைத்தால் சேரலாம். கிடைக்காவிட்டால், ஏதோவொரு கல்லூரிக்காகப் பல லட்சம் கல்விக் கடன் வாங்குவதைவிட, இன்னும் ஓராண்டு வேலை பார்த்துவிட்டு மீண்டும் விண்ணப்பிப்பது மேல். அந்தக் கடனுக்கு ஈடாக நிற்கப்போவதும் அதே கடைதான்.

அவர் கட்டத்தில் '8' என்று எழுதிவிட்டுப் போனார். மீதி ஆண்டுகளை எழுதுவதற்கும் ஒரு கட்டம் தருவது கல்வி நிறுவனங்களின் பொறுப்பு.